ஆரியின் ஏழு நாட்கள்

ஒரு கதையில் சோப்பு காய்ச்சும் காட்சி வருகிறது என்று யாராவது சொன்னால் என்னால் அதைப் படிக்காமல் விட முடியாது. காங்கேயத்தில் வீட்டுப் பின்கட்டில் தேங்காய் எண்ணெய் சோப்பு போட்டு விற்பதுதான் என் பிழைப்பு. மாயாஜால நாவல்கள் எழுதும் அமெரிக்க எழுத்தாளர் பேட்ரிக் ராத்ஃபஸின் 'தி ஸ்லோ ரிகார்ட் ஆஃப் சைலன்ட் திங்ஸ்' என்ற குறுநாவல் என்னிடம் வந்ததும் அந்த வழியில்தான். சோப்புக்காக எடுத்தேன். இப்போது அதைப் பற்றி யாரிடமாவது பேசாமல் இருக்க முடியவில்லை.

2014 அக்டோபரில் வந்த புத்தகம். சின்னது, 150 பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். நடுநடுவே நேட் டெய்லர் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. கதையில் ஆள் என்று பார்த்தால் ஒருத்திதான், ஆரி. ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு அடியில் கைவிடப்பட்ட சுரங்க வழிகள், தண்ணீர்க் குழாய்கள், இடிந்த அறைகள், படிக்கட்டுகள் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அதற்கு அண்டர்திங் என்று பெயர். அங்கே அவள் தனியாக வாழ்கிறாள். ஒரு நாள் காலையில் கண் விழித்ததும் இன்னும் ஏழு நாள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏழாம் நாள் அவன் வருவான். அதற்குள் அவனுக்குக் கொடுக்கத் தகுந்த ஒன்று வேண்டும். இவ்வளவுதான் கதை. 'அவன்' யார் என்று புத்தகம் பெயர் சொல்வதே இல்லை. உரையாடலும் கிடையாது.

ராத்ஃபஸின் மற்ற நாவல்களைப் படித்தவர்களுக்கு அவன் யாரென்று தெரியும். 2007இல் வந்த 'தி நேம் ஆஃப் தி விண்ட்', 2011இல் வந்த 'தி வைஸ் மேன்ஸ் ஃபியர்' இரண்டிலும் நாயகன் க்வோத். அதே பல்கலைக்கழகத்தின் மாணவன். லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவன், கெட்டிக்காரன், கடனாளி, வாய்த்துடுக்கு உள்ளவன். நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்து, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு முற்றத்தில் அவன் தனியாக உட்கார்ந்து லூட் வாசிக்கிறான். யாரோ ஒளிந்து கேட்பது அவனுக்குத் தெரிகிறது. அவன் தேடிப் போவதில்லை. திரும்பத் திரும்ப வந்து வாசிக்கிறான், கொஞ்சம் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறான். வெகு நாள் கழித்துத்தான் அவள் வெளியே வருகிறாள். ஒல்லியான உடம்பு, தலையைச் சுற்றி மிதக்கிற மெல்லிய முடி. ஆரி என்ற பெயரும் அவன் வைத்ததுதான். அப்புறம் இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுகிறார்கள், விநோதமான பரிசுகளைக் கொடுத்துக்கொள்கிறார்கள். அவளைப் பற்றி அவளிடமே கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் ஓடிவிடுவாள்.

அந்த நாவல்களில் ஆரியை நாம் க்வோத்தின் கண் வழியாக மட்டும் பார்க்கிறோம். பாவம், படிப்பின் பாரம் தாங்காமல் மனம் உடைந்த மாணவியாக இருப்பாள் என்று அவன் ஊகிக்கிறான், நாமும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். குறுநாவல் அவளுடைய வீட்டுக்குள் கூட்டிப் போகிறது. அங்கே அவள் எடுக்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு முறை இருக்கிறது.

முதல் நாள் அவள் ஒரு ஆழமான நீர்க்குளத்தில் மூழ்கிச் சில பொருட்களை எடுத்து வருகிறாள். அதில் ஒன்று பித்தளைப் பல்சக்கரம், கனமானது, ஒரு பல் போய்விட்டது. ஃபல்க்ரம் என்று பெயர். அதை எங்கே வைப்பது? மேசையில் வைத்தால் அதற்குச் சரிப்படவில்லை. இன்னொரு அறைக்குத் தூக்கிப் போனால் அங்கேயும் இல்லை. இருட்டு வழிகளில் ஃபாக்ஸன் என்ற சிறு ஒளி மட்டும் துணைக்கு. அதையும் ஒரு தோழனைப் போலத்தான் நடத்துகிறாள். அறைகளுக்கு அவள் வைத்த பெயர்கள் இருக்கின்றன: மாண்டில், போர்ட், டம்ப்ரல், டிரீ. இதில் டிரீ என்பது அவள் சமைக்கும் இடம். எதைச் செய்யும் முன்பும் முகம், கை, கால் கழுவுகிறாள். நாட்களுக்கும் அவளிடம் ரகம் உண்டு. தேடிக் கண்டெடுப்பதற்கான நாள், பொருள் செய்வதற்கான நாள் என்று விழித்த உடனே புரிந்துகொள்வாள். அதை மீறி எதையும் செய்யமாட்டாள்.

படித்தவர்களில் பலர் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லையாம், ஒரு பெண் சாமானை இடம் மாற்றி மாற்றி வைக்கிறாளாம். எனக்கு அதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. நாம் ஆயுத பூசைக்குத் தராசுக்கும் கத்திரிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள். நான் என் ஸ்டிக் பிளெண்டருக்கும் பொட்டு வைப்பேன். துடைப்பம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிடச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஒரு பித்தளைச் சக்கரத்துக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, அதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்தால் அது நம் ஊர் வாசகருக்கு அப்படியொன்றும் அந்நியமாக இருக்கக் கூடாது. ஆரி வருடத்தில் 365 நாளும் அப்படி இருக்கிறாள், அதுதான் வித்தியாசம்.

சோப்புக்கு வருகிறேன். அவளுடைய சோப்பு தீர்ந்துபோகிறது. கை கால் கழுவாமல் ஒரு வேலையும் தொடங்காத பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். புதிதாகக் காய்ச்ச வேண்டும். ராத்ஃபஸ் அதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆசிரியருக்கு அடுப்பங்கரை வேலையின் பொறுமை தெரிந்திருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்த இடம் இது.

நான் செய்வதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறக் கிட்டத்தட்ட 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அப்படியே போட்டால் அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் உருவிவிடும். அதனால் வெறும் தேங்காய் எண்ணெய் சோப்பு என்றால் 20 சதவீதம் குறைத்து 146 கிராம் போடுகிறோம். மிச்ச எண்ணெய் சோப்புக்குள்ளேயே தங்கித் தோலைக் காக்கும். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாற்றி, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணே போய்விடும். கலந்த கரைசல் அடுப்பே இல்லாமல் 80 டிகிரிக்கு மேல் சூடேறும். எண்ணெயில் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் தோசை மாவுப் பதத்துக்குத் தடித்து, மேலே விழுந்த சொட்டு கோடாக நிற்கும். ட்ரேஸ் வந்துவிட்டது என்போம். அச்சில் ஊற்றி, இறுகியதும் வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி நான்கு முதல் ஆறு வாரம் ஆறவிட வேண்டும். தினமும் அந்த அறைக்குள் போவேன். திருப்பி வைப்பேன். அவ்வளவுதான் வேலை. மற்றதெல்லாம் அது தானாகச் செய்துகொள்ளும்.

சாம்பலில் இருந்து காரம் எடுத்துச் சோப்பு செய்வது இதைவிடக் கடினம். மரச்சாம்பலை ஊறவைத்து வடித்தால் கிடைப்பது பொட்டாசியம் காரம். சோப்பு மெத்தென்று களிம்பு போல வரும், கட்டியாக்க உப்புச் சேர்க்க வேண்டும். காரம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தராசு உதவாது. அந்தக் காலத்தில் மேல்நாட்டில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களாம். கண்ணும் மூக்கும் கையும்தான் கருவி. இப்படிப்பட்ட வேலையில் ஒருவர் மனம் எப்படி இயங்கும் என்று தெரிந்தவர்களுக்கு ஆரி பைத்தியமாகத் தெரியமாட்டாள். அவள் பொருள் சொல்வதைக் கவனிக்கிறாள். கவனிக்காமல் செய்தால் கை வெந்துபோகும்.

ஏழு நாளும் ஒரே சீராகப் போவதில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. மூன்றாம் நாளுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது, அது ஒரே ஒரு வரி. மூன்றாம் நாள் ஆரி அழுதாள், அவ்வளவுதான். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று எதுவும் இல்லை. அடுத்த பக்கத்தில் வேறு நாள் தொடங்கிவிடும். துக்கத்தை நூறு பக்கம் விவரித்து நம்மைக் கலங்க வைக்கிற நாவல்கள் ஏராளம். இவ்வளவு மரியாதையோடு அதை ஒதுங்கி நின்று பார்த்த நாவல் எனக்குத் தெரிந்து குறைவு.

என் அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டில் கிணற்றை ஒட்டிய ஓர் அறையில் கடைசி வரை தனியாக இருந்தார். அவருடைய அரிசிப் படி எப்போதும் வடகிழக்கு மூலையில் கவிழ்ந்துதான் இருக்கும். சின்ன வயதில் ஒரு முறை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டேன். "அங்க வெக்காத கண்ணு, அதுக்கு அங்க புடிக்காது" என்றார். திட்டவில்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். உறவுக்காரர்கள் அவரை 'ஒரு மாதிரி' என்பார்கள். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும், அதற்கு மேல் யாரும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள முயன்றதில்லை. எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் விடியக்காலையில் பால் கறந்ததும் ஒரு செம்பில் ஊற்றி அக்காவின் அறை வாசல்படியில் வைப்பார். உள்ளே போகமாட்டார். செம்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய நாவலில் இதே கவலை க்வோத்துக்கும் வருகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஹேவன் என்று ஒரு மனநோய் விடுதி உண்டு. ஆரி இருப்பதை எலோடின் என்ற ஆசான் தெரிந்துகொள்ளும்போது, அவளை அங்கே அனுப்பிவிடாதீர்கள் என்று க்வோத் மன்றாடுகிறான். எலோடினே அந்த விடுதியில் அடைபட்டிருந்து தப்பியவர். அவர் அனுப்புவாரா? முதல் தடவை படிக்கையில் எனக்கு இது சின்னக் கிளைக்கதையாகத்தான் பட்டது. குறுநாவலைப் படித்த பிறகு அந்தப் பக்கங்களுக்குத் திரும்பிப் போனேன். ஹேவனில் அடைத்தால் அவளுக்கு என்னென்ன போய்விடும் என்று இப்போது பட்டியலே போட முடிகிறது. சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருவருடைய அறைக்குள் ஒரு தடவையாவது அவர் நடக்கிறபடி நடந்து பார்க்காமல் அவரைப் பற்றி முடிவு செய்யக் கூடாது என்று இந்தப் புத்தகம் எனக்குள் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறவர்களுக்கு என் பதில் இன்னொன்றும் உண்டு. ஆரிக்குச் சக்தி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ரசவாத ஆசான் மாண்ட்ராக்கின் பெயர் அவள் நினைவில் வந்து போகிறது. ஆக, அவள் அங்கே கற்றவள், சாதாரணமாகவும் கற்கவில்லை. உலகத்தைத் தன் விருப்பத்துக்கு வளைக்க அவளால் முடியும். முடியும் என்பதாலேயே அவள் அதைச் செய்வதில்லை. தனக்கு வேண்டும் என்று ஒன்றை ஆசைப்பட்டு இழுத்தால் உலகம் கோணிவிடும் என்று அஞ்சுகிறாள். பசித்தாலும், குளிரில் நடுங்கினாலும் பொருட்களின் போக்குக்குத்தான் அவள் தன்னைச் சிறியவளாக்கிக்கொள்கிறாள். புத்தகம் முழுக்க இந்தக் கட்டுப்பாடுதான் ஓடுகிறது. கடைசியில் அவனுக்கென்று ஒரு மெழுகுவர்த்தி செய்ய வேண்டியிருக்கிறது, பொறுமையாகச் செய்ய நாள் போதவில்லை. அப்போது அவள் தன் விருப்பத்தை உலகத்தின் மேல் வைக்கிறாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மந்திரக் கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் இடி மின்னல் இறக்குவார்கள். இங்கே நூறு பக்கத்துக்கு மேல் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், அதனால்தான் அந்த ஒரு நொடிக்கு அவ்வளவு கனம்.

பெண் வாசகர்கள் சிலர் ஒரு ஆட்சேபம் வைக்கிறார்கள். இவ்வளவு உள்ளாழம் உள்ள பெண்ணின் ஏழு நாளும் ஓர் ஆண் வரப்போவதற்கான ஏற்பாடாகவே போகிறதே? அதில் நியாயம் இருக்கிறது. அவளைக் குழந்தை மாதிரி காட்டும் வரிகள் சில எனக்கும் உறுத்தின. பரிசு என்பது மெழுகுவர்த்தி மட்டுமாக இருந்திருந்தால் நானும் முழுக்க ஒத்துக்கொண்டிருப்பேன். அவளோ அவனுக்கு என்றாவது ஆபத்து வந்தால் தங்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறாள். மேலே உலகமே அவனைப் பெரிய ஆளாகப் பார்க்கிறது. அவளுக்கு அவன் காப்பாற்றப்பட வேண்டியவனாகத் தெரிகிறான். க்வோத்தின் வாயால் கேட்ட கதையில் அவன்தான் ஆரியைப் பார்த்துக்கொள்கிறவன். இதைப் படித்த பிறகு அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அவன் வருகிற காட்சியை ராத்ஃபஸ் எழுதாமல் விட்டது மிகச் சரி. அவன் வந்திருந்தால் மறுபடி அவன் கதையாகியிருக்கும்.

புத்தகம் உருவான விதமும் சுவையானது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் கார்ட்னர் டோஸ்வாவும் தொகுத்த 'ரோக்ஸ்' என்ற போக்கிரிக் கதைத் தொகுப்புக்காக ஆரம்பித்த கதைதான் இப்படி வளர்ந்துவிட்டது. ஆரியை எந்தக் கணக்கில் போக்கிரி ஆக்குவது? அந்தத் தொகுப்புக்கு ராத்ஃபஸ் பாஸ்ட் என்ற வேறொரு பாத்திரத்தை வைத்து 'தி லைட்னிங் ட்ரீ' எழுதிக் கொடுத்தார். இந்தக் கதை வெளியிடத் தகுந்ததா என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. கணித வீடியோக்களுக்குப் பேர்போன வை ஹார்ட் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு அவரிடம் சண்டைக்கு வராத குறையாகப் பேசியதைப் பின்னுரையில் எழுதியிருக்கிறார். வழக்கமான கதை வேண்டும் என்கிறவர்களுக்கு எவ்வளவோ கதைகள் இருக்கின்றன, என் மாதிரி ஆட்களுக்கு எங்கே என்பதுதான் வை ஹார்ட்டின் கேள்வியின் சாரம். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் இந்தப் புத்தகம் மேசை இழுப்பறையிலேயே கிடந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்குப் பதறுகிறது.

முன்னுரையில் ராத்ஃபஸ், இதை நீங்கள் வாங்காமல் இருப்பதே நல்லது என்கிற தோரணையில் தொடங்குகிறார். என் மற்ற நாவல்களைப் படிக்காதவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்கிறார். நேர்மையான எச்சரிக்கைதான், பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். க்வோத் யாரென்று தெரிந்து படித்தால் நான் மேலே சொன்ன தலைகீழ்க் கணக்கு பிடிபடும், அதற்காக 'தி நேம் ஆஃப் தி விண்ட்' மட்டுமாவது முதலில் படிக்கலாம். க்வோத் கதையின் மூன்றாம் நாவலுக்காக உலகம் முழுக்க வாசகர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2023இல் பாஸ்ட் கதையை விரித்து 'தி நேரோ ரோட் பிட்வீன் டிசையர்ஸ்' என்று வந்தது. இதற்கு அந்தக் காத்திருப்பெல்லாம் தேவையில்லை, ஆரியின் வாரம் அதற்குள்ளேயே முழுமையாக இருக்கிறது. ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஆரியின் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாளையும் சேர்த்து.

என் அக்கா மகள் பெரிய நாவல்கள் எதையும் தொடாமல் நேரே இதை எடுத்துப் போயிருக்கிறாள். கல்லூரி விடுதியில் தன் அறைக்குத் தானே ஒரு பெயர் வைத்திருப்பதாக நேற்று போனில் சொன்னாள், என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. என் பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கும் வாடிக்கையாளர்கள் அவள் லீவுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். அடுத்த பெட்டி சோப்போடு சேர்த்து அனுப்பி வைக்கிறேன்.